ரம்யாவுக்கு யார் சொல்வது

கள்ளக்குறிச்சி
5.2.2024

இளவரசனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நீ அதற்குத் தகுந்தபடி நடந்துகொண்ட பிறகு எழுதுகிறேன்.

போன் போட்டால் எடுப்பதில்லை. ஒரு நாள் எடுத்தாய், இரண்டு பேரும் கத்தினோம், வைத்துவிட்டாய். அதோடு என் நம்பரையே தடுத்துவிட்டாய். சரி, கடிதத்தை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது அல்லவா? வீட்டுக்குப் போட்டால் அம்மா யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்வாள் என்றுதான் உன் மோட்டார் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

உன் அக்கா மகன் பிழைத்துக்கொண்டான். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

கச்சிராயபாளையம் பக்கத்தில், என் மாமனார் வீட்டுக் குலதெய்வக் கோயிலில், உன் மடியில் உட்கார வைத்துத்தான் முகிலனுக்குக் காது குத்தினார்கள். ரத்தம் வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான் என்று ஆசாரி மஞ்சளை வைத்து அழுத்தினார். பந்தி முடிந்து இலை எடுக்கும்போதும் நிற்கவில்லை. உன் புது வேட்டி நனைந்துபோனது. அப்போது என் மாமனார் ஏதோ சொன்னார். நீ பிள்ளையைத் தூக்கி என் கையில் திணித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். எனக்கு அவர் சொன்னது காதில் விழவே இல்லை. உன் வண்டி போன சத்தம்தான் விழுந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். ஊறிக்கொண்டே இருந்தது. அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸில் நானும் உன் மாமாவும்தான். அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் என்று ஒருவன் இருந்தான், சீர்த்தட்டு தூக்க மட்டும் வந்துவிட்டுப் போனான்.

பிள்ளை தவழ ஆரம்பித்ததிலிருந்து முழங்காலில் நீலநீலமாகத் தடிப்பு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நான் கிள்ளுகிறேன் என்று என் மாமியார் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையை எவளாவது கிள்ளுவாளா? இப்போது சோதனைக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வரட்டும். அதன்பின் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்.

மலர்விழி

திருநாவலூர்
11.2.2024

அக்காவுக்கு,

நானும் எழுதுவேன். பத்தாவது வரைக்கும் உன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன் என்றாலும் எழுதுவேன்.

உன் காதில் விழாததை நான் சொல்கிறேன். உன் மாமனார் தெய்வசிகாமணி அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்து, "ராசி கெட்ட மடிடா ஒன் மடி, எழுந்து போடா" என்றார். சொன்னதோடு விடவில்லை. நான் வைத்த சீர்த்தட்டைக் காலால் தள்ளினார். அப்பா போனபிறகு அந்தத் தட்டை நான் எப்படிச் சேர்த்தேன் என்று உனக்குத் தெரியும். செல்லமுத்து மாமா பக்கத்தில்தான் நின்றார். "ஏம்ப்பா இப்படி" என்று ஒரு வார்த்தை கேட்டாரா? நீ கேட்டாயா? நான் மனுஷன்தானே அக்கா?

பிள்ளையைத் திணித்துவிட்டுப் போனேன் என்கிறாய். நான் வைத்திருந்தால் ராசி கெட்டுப்போகும் என்று சொன்னபிறகு எப்படி வைத்திருப்பது? உளுந்தூர்பேட்டை போகும்வரை வண்டியை எங்கும் நிறுத்தவில்லை. வேட்டியைப் பார்த்துப் பெட்ரோல் பங்க்காரன் அடிபட்டுவிட்டதா என்று கேட்டான். அந்த வேட்டியை அம்மா தோய்க்கவில்லை. எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள். 

உன் நம்பரைத் தடுத்தது உண்மை. நீ போனில் என்னை என்ன பேச்சுப் பேசினாய் என்று நீயே யோசி.

பிள்ளைக்குக் காது ஆறிவிட்டதா? கம்மல் போட்டிருக்கிறீர்களா, கழற்றிவிட்டீர்களா? அதை மட்டும் எழுது. மற்றது எதுவும் எழுத வேண்டாம்.

இளவரசன்

கள்ளக்குறிச்சி
27.2.2024

இளவரசனுக்கு,

கம்மலைக் கழற்றியாயிற்று. இனி அவனுக்குக் கம்மல் இல்லை. முடிவு வந்துவிட்டது.

ஹீமோபீலியா என்று பெயர். ரத்தத்தை உறைய வைக்கிற சத்து ஒன்று அவன் உடம்பில் உண்டாகவே இல்லை. நமக்கெல்லாம் வெட்டுக்காயம் பட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறதே, அவனுக்கு நிற்காது. ஆயுசுக்கும் அப்படித்தான். அந்தச் சத்தை ஊசியில் போடுகிறார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் பள்ளிக்கூடம் போகலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அதைக் கேட்டுத்தான் அழுகையை நிறுத்தினேன். அடுத்ததைக் கேட்டு மறுபடியும் ஆரம்பித்தேன்.

இது அம்மா வழியாக வருகிற நோயாம். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மரபணு என்கிறது எல்லாம் குரோமோசோம் என்கிற மூட்டைகளில் இருக்கிறதாம். அதில் ஒன்று எக்ஸ். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது ஈடு கொடுத்துவிடும். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அந்த ஒரு எக்ஸ் அம்மாவிடமிருந்து வருவது. அதில் பிழை இருந்தால் ஈடு கொடுக்க ஆள் இல்லை. என் இரண்டில் ஒன்று பிழை. அது முகிலனுக்குப் போய்விட்டது. அம்மாவிடமிருந்து உனக்கு நல்லது வந்திருக்கிறது, அதனால் உனக்கு ஒன்றும் இல்லை, உன் பிள்ளைகளுக்கும் வராது. யாருக்கு எது என்பதில் யார் கையும் இல்லை, காசு சுண்டிவிடுகிற மாதிரி என்றார்.

இதை வீட்டில் வந்து சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். என் மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேரனுக்கு வியாதி என்ற துக்கத்தைவிட, வியாதி எங்கள் வீட்டிலிருந்து வந்தது என்ற திருப்தி ஜாஸ்தி. "நான் அப்பவே சொல்லல? இவ வூட்டு ரத்தமே கெட்ட ரத்தம்" என்றாள். உங்கள் பிள்ளை கொடுத்தது ஒய் அத்தை, அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் டாக்டரம்மா போட்ட படத்தில் அது ரொம்பக் குட்டியாக இருந்தது என்றேன். அன்றைக்கு எனக்கு யாரும் சோறு போடவில்லை. நானே போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

டாக்டரம்மா ஒன்று கேட்டார். உங்கள் அம்மா வழியில் சின்ன வயதில் ரத்தம் போய் இறந்த ஆண்பிள்ளை உண்டா என்று. நமக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து காய்ச்சலில் போய்விட்டான் என்று அம்மா சொல்வாளே, அதுதான் நினைவுக்கு வந்தது. நிஜமாகவே காய்ச்சல்தானா? அம்மாவைக் கேட்டு எழுது. மெதுவாகக் கேள்.

மலர்விழி

திருநாவலூர்
9.3.2024

அக்காவுக்கு,

கேட்டேன். காய்ச்சல் இல்லை.

முதலில் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். விடவில்லை. வந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்னாள். அவனுக்கு நாலு வயசு. ஓடி விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். வாயிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. காற்று கருப்பு என்று மந்திரித்துக்கொண்டு இருந்தார்களாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது பாதி வழியில் போய்விட்டான். அப்பா வீட்டு ஆட்கள் இவளைத்தான் பிள்ளையைத் தின்றவள் என்றார்கள். அப்பா ரொம்ப நாள் இவளோடு பேசவில்லை. நீ பிறந்து பெண்பிள்ளை என்று ஆனபிறகுதான் பேசினாராம். நான் பிறந்தபோது இவள் என்னைத் தரையில் விடவே பயந்தாளாம். அன்றைக்கு என் வேட்டியைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் தோய்க்கவில்லை.

 நான் அம்மாவைத் திட்டவில்லை. நீயும் சண்டை போடாதே.

இப்போது முக்கியமான விஷயம். தங்கை ரம்யாவுக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிறோம். எலவனாசூர்கோட்டை பச்சமுத்து மகனுக்கு இவளைக் கொடுக்கிறோம், அவர் பெண் விஜயலட்சுமியை எனக்கு எடுக்கிறோம். ஒரே பந்தலில் இரண்டு தாலி. பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. இந்த நேரத்தில் ரத்தம், எக்ஸ் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் இரண்டு கல்யாணமும் நின்றுவிடும். ரம்யாவிடமும் சொல்ல வேண்டாம். அவள் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் மலைப்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள். அங்கே போனும் சரியாகக் கிடைக்காது, அதுவும் நல்லதுதான். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அவளுக்காவது நல்லபடியா அமையட்டும்டா. என்னய எல்லார் எதிர்லயும் வாயத் தொறக்க வெக்காத."

முகிலனுக்கு ஊசி போடும்போது அழுகிறானா? உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே, மறுபடியும் கத்துவோம்.

இளவரசன்

கள்ளக்குறிச்சி
15.3.2024

தம்பி,

உன் கடிதத்தின் முதல் பாதியைப் படித்து அம்மாவுக்காக அழுதேன். இரண்டாம் பாதியைப் படித்து அந்தக் காகிதத்தைக் கசக்கினேன். பிறகு நீவி எடுத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதே வார்த்தையைத்தானே எனக்கும் சொல்லியிருப்பார்கள்? என் கல்யாணத்தின்போது அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. முகிலனைப் பெற்றபோது எனக்கு ரத்தம் நிற்காமல் போய், நீயே வந்து ரத்தம் கொடுத்தாய். அப்போதும் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இந்தப் பிழை இருக்கிற பெண்களுக்கும் பிரசவத்தில் ஆபத்து உண்டாம், முன்கூட்டியே தெரிந்தால் மருந்தை வைத்துக்கொண்டு பார்ப்பார்களாம். ரம்யாவுக்கு அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வராமலும் இருக்கலாம். ஒரு ரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். முகிலனுக்குப் பிழை எந்த இடத்தில் என்று கண்டுபிடித்து வைத்திருப்பதால் அவளுக்குப் பார்ப்பது சுலபம் என்கிறார்கள். அதைக்கூடச் செய்ய விடாமல் பிரசவ அறைக்கு அனுப்புவாயா அவளை? பட்டுப் புடவை கட்டி, பூ வைத்து, கண்ணைக் கட்டியா?

நீ அவளுக்காகப் பேசவில்லை. எனக்கு உன்னைத் தெரியாதா? விஜயலட்சுமியைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து உன் வாட்ஸப் படம் வாரத்துக்கு ஒன்று மாறுகிறது. முடிவெட்டக் கள்ளக்குறிச்சிக்கு வருகிறாய், அக்கா வீட்டுக்கு வர மட்டும் வழி தெரியவில்லை. ரம்யா அந்த வீட்டுக்குப் போகாவிட்டால் அந்தப் பெண் உன் வீட்டுக்கு வரமாட்டாள், அதுதானே உன் கவலை?

நானே நேரில் போய்ச் சொல்லிவிடுவேன். இவனை ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கிறேன், இதில் மலையேற முடியவில்லை. போன் போட்டால் அவளுக்குப் பாதி வார்த்தை கேட்கிறது, பாதி கேட்கவில்லை. இது பாதியில் அறுந்துபோகிற பேச்சு இல்லை. நீ பஸ் ஏறிப் போய்ச் சொல். அவளுக்கும் தெரிய வேண்டும், கட்டிக்கொள்ளப்போகிறவனுக்கும் தெரிய வேண்டும். நீ சொல்லாவிட்டால் முகிலனைத் தூக்கிக்கொண்டு கல்யாணப் பந்தலுக்கு வந்து நான் சொல்வேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மலர்விழி

திருநாவலூர்
2.4.2024

அக்காவுக்கு,

வா. பந்தலுக்கு வந்து மைக் பிடித்துச் சொல். உன் பிள்ளைக்கு வந்துவிட்டது, மற்றவர்கள் எல்லாம் எப்படிச் சந்தோஷமாக இருக்கலாம், அதுதானே உனக்கு?

இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. எனக்கு வயசு இருபத்தொன்பது. அப்பா விட்டுவிட்டுப் போன கடனை அடைத்து, ரம்யாவைப் படிக்க வைத்து, எரிந்துபோன மோட்டாருக்குச் சுருள் கட்டிக் கட்டி என் விரலைப் பார்த்தால் உனக்கே தெரியும். என்னை ஒருத்தி பார்த்துச் சிரித்தாள். படத்தை மாற்றினேன், முடியை வெட்டினேன். அது குற்றமா? ஆமாம், எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. எழுத்தில் கேட்டாய், எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

ரம்யாவுக்கு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பாதிக்குப் பாதி என்று நீயே சொல்கிறாய். இல்லாத ஒன்றுக்கு இருக்கிற கல்யாணத்தை நிறுத்துவதா? ஊரில் எத்தனை பேர் என்ன என்ன ரத்தத்தை வைத்துக்கொண்டு தாலி கட்டிக்கொண்டு இருக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் சோதனை பார்த்தா கட்டினார்கள்?

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் கடிதம் வந்தால் என் முகத்தைப் பார்க்கிறாள். அவளுக்குப் படித்துக்காட்ட எனக்குத் தைரியம் இல்லை.

இளவரசன்

கள்ளக்குறிச்சி
6.4.2024

தம்பி,

உன் கடிதம் வந்த நாளில் முகிலன் விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. முழங்கால் மட்டும் வீங்கிக் கல்லாகிவிட்டது. உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது. ஊசி போட்டுக் கொண்டுவந்திருக்கிறோம். காலை நீட்டி வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். இன்னும் பேச்சு வராத பிள்ளை.

என் மாமனார் நேற்று எங்களை உட்கார வைத்துப் பேசினார். மகனுக்கு இரண்டாவதாக ஒரு பெண் பார்க்கலாமா என்று. நான் அங்கேயே இருக்கிறேன், என் எதிரிலேயே. அவர் மகன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அவ ஒண்ணும் வேணும்னு குடுக்கலப்பா" என்றார். அவ்வளவுதான். அதற்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் நிலைமை எங்கே வந்து நிற்கிறது பார்.

உனக்குப் பிடித்த பெண்ணை உன்னிடமிருந்து பறிக்க எனக்கு என்ன ஆசை? நீ அடிக்காமல் விட்ட வரியை நான் பலதடவை படித்தேன். அதற்கு ஒரே பதில்தான். முன்பே தெரிந்திருந்தால் முகிலனைப் பெற்றிருக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. காது குத்தியிருக்க மாட்டேன். தவழும்போது முழங்காலுக்குப் பஞ்சு வைத்துத் தைத்திருப்பேன். கிள்ளினாய் என்று சொன்னபோது சும்மா இருந்திருக்க மாட்டேன். இவ்வளவுதான் கேட்கிறேன், ரம்யாவுக்கும் இவ்வளவுதான்.

மலர்விழி

திருநாவலூர்
22.4.2024

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். முழுக்கப் படி, நடுவில் கசக்காதே.

உன் கடிதத்தைப் படித்தபின் கடையில் வேலை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எலவனாசூர்கோட்டைக்குப் போனேன். முதலில் அந்த வீட்டில் ஆண்களோடு பேசி ஒரு முடிவைத் தெரிந்துகொண்டு, பிறகு ரம்யாவிடம் போகலாம் என்று நினைத்தேன். கூடத்தில் பச்சமுத்து, மாப்பிள்ளை தமிழரசன், நான். உள்ளே விஜயலட்சுமி இருந்தாள், கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. நீ எழுதியதை எழுதியபடி சொன்னேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சோதனை செய்து பார்த்துவிடலாம், இருந்தாலும் வைத்தியம் இருக்கிறது என்று எல்லாம் சொன்னேன்.

பச்சமுத்து, "அப்ப ஒனக்கு?" என்றார். எனக்கு இல்லை, என் பிள்ளைகளுக்கும் வராது என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்குத் தண்ணீரை நகர்த்தி வைத்துச் சொன்னார், "அப்ப நீ இன்னாத்துக்குப் பயப்படற? எங்க பொண்ண ஒனக்குக் குடுக்கறதுல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. நாள மாத்த வாணாம். அந்தப் பொண்ணு மட்டும் வாணாம்."

அக்கா, நான் அந்த ஆளைப் பார்க்கவில்லை, தமிழரசனைப் பார்த்தேன். ரம்யாவோடு நாலு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தவன். சோதனை செய்துதான் பார்ப்போமே என்று ஒரு வார்த்தை? செல்போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாடு பிடிக்க வந்தவன்கூட ஒரு தடவை பல்லைப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்பான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் நல்ல ரத்தமாம், என்கூடப் பிறந்தவள் கெட்ட ரத்தமாம். "மூணு பேருக்கும் ஒரே அம்மாதாங்க" என்றேன். எழுந்து வந்துவிட்டேன். வாசலைத் தாண்டும்போது உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன்.

இதைச் சொன்னால் நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். மறுநாள் ரம்யாவைப் பார்க்க வெள்ளிமலைக்குக் கிளம்ப இருந்தேன். அதற்குள் அவளே வந்துவிட்டாள். விஜயலட்சுமி அன்றைக்கே பள்ளிக்கூட விடுதி போனுக்குக் கூப்பிட்டு, மன்னித்துக்கொள் என்று அழுதிருக்கிறாள். எதற்கு மன்னிப்பு என்று இவளுக்குப் புரியவில்லை. கடைசியில் அவள் வாயாலேயே எல்லாம் தெரிந்துகொண்டு, முதல் பஸ்ஸில் மலை இறங்கி, பையோடு நேராகக் கடைக்கே வந்தாள். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள். சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எலவனாசூர்கோட்டைக்குப் போயி சொல்லத் தெரிஞ்சுது, வெள்ளிமலைக்கு வந்து சொல்லத் தெரியலியாண்ணா? என் ரத்தத்தப் பத்தி மாப்ள வூட்ல உக்காந்து பேசி முடிச்சிட்டீங்க. கள்ளக்குறிச்சிக்கும் திருநாவலூருக்கும் மாசக்கணக்கா எழுதிக்கினு இருந்தீங்க. எனக்கு மட்டும் சொல்லல. என்னக் கேக்காமயே குடுத்தீங்க, என்னக் கேக்காமயே திரும்ப வாங்கிக்கினு வந்துட்ட."

கடையில் இரண்டு பேர் மோட்டாருக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் எதிரில்தான் சொன்னாள். வீட்டுக்குக்கூட வராமல் அடுத்த பஸ் ஏறிவிட்டாள்.

நீ சொல்லச் சொன்னாய், சொன்னேன். எனக்குப் பிடித்தவளை விட்டுவிட்டு வந்தேன். கடைசியில் நான்தான் குற்றவாளி. இனி நீயே பேசிக்கொள்.

இளவரசன்

கள்ளக்குறிச்சி
16.6.2024

அன்புள்ள தம்பிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. எழுத ஒன்றும் தெரியாமல் இருந்தது.

ரம்யா அன்றைக்கு உன் கடையிலிருந்து நேராக இங்கேதான் வந்தாள். உன்மேல் இருக்கிற கோபத்தைக் கொட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, காபி போட்டுக் கொடுத்துவிட்டு உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். அவள் முகிலனின் காலைத் தடவிக்கொண்டே கேட்டாள், "நீயுந்தான எனக்கு எழுதல?" வெள்ளிமலைக்குத் தபால் போகிறது தம்பி. மலையேற முடியவில்லை, போன் கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதினேனே ஒழிய, உன் கடைக்கு ஒட்டிய ஸ்டாம்பை அவளுக்கு ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பெண்ணைப் பற்றிய விஷயத்தை வீட்டு ஆம்பிளையிடம் சொன்னால் போதும் என்று நினைத்திருக்கிறேன். என் மாமனாரைத் திட்டிக்கொண்டு திரிகிற நானே.

மறுநாள் முகிலனுக்கு ஊசி போடப் போகும்போது கூடவே பாண்டிச்சேரிக்கு வந்தாள். சோதனைக்குத் தானே பெயர் கொடுத்தாள். டாக்டரம்மா கூப்பிட்டபோது நானும் எழுந்தேன். "நீ இங்கயே இருக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. முடிவு வரப் பல வாரம் ஆகும் என்று மட்டும் சொன்னாள்.

நேற்று வந்திருந்தாள். முகிலன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், அவன் பின்னாலேயே குனிந்து நடந்துகொண்டிருந்தாள். சாப்பிட்டாள். என் மாமியாரிடம்கூடச் சிரித்துப் பேசினாள். என்னால் பொறுக்க முடியவில்லை. முடிவு வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டது என்றாள். என்னவென்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்க்கா. நாளைக்குக் கட்டிக்கப் போறவன் எவனாவது என்னயே நேரா கேட்டா, அவனுக்குச் சொல்லுவேன். புள்ள பெக்கற அன்னிக்கு டாக்டருக்குச் சொல்லுவேன். ஒனக்கும் அண்ணனுக்கும் எதுக்கு?"

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? ஊரையும் மாமனார் வீட்டையும் உன்னையும் பகைத்துக்கொண்டு இவளுக்காகச் சண்டை போட்டவள் நான். எனக்கே இல்லையா? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எனக்கு ஒன்று புரிந்தது. நம் வீட்டில் ரத்தத்தைப் பற்றி அம்மாவைப் பேசினார்கள், என்னைப் பேசினார்கள், ஒருவரும் எங்களிடம் கேட்டுக்கொண்டு பேசவில்லை. இவள் ஒருத்திதான் யாரையும் பேச விடாமல் செய்திருக்கிறாள். சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.

உனக்கு வருத்தம் இருக்கும். விஜயலட்சுமியிடமிருந்து ஏதாவது தகவல் வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்தால் அவர்கள் வீட்டு ஆண்களிடம் போகாதே. அவளிடமே பேசு.

அம்மா கேட்பாள். பச்சமுத்துவும் யாரையாவது அனுப்பிக் கேட்பார், நல்ல முடிவாக இருந்தால் மறுபடியும் பேசலாம் என்று. என் மாமியார் நேற்றே கேட்டுவிட்டாள். யார் கேட்டாலும் எங்களுக்குத் தெரியாது என்று சொல். பொய் சொல்ல வேண்டியதே இல்லை. நமக்குத் தெரியாது.

உன் அக்கா,
மலர்விழி